ஜமாஅத் கடிதம் விவாகரத்து ஆவணமாகாது



இக்கட்டுரை சிலருக்குக் கசக்கும். குறிப்பாக, பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் பெரியவர்கள் சிலர் என்மீது வருத்தம் கொள்ளக்கூடும். ஆயினும் இதில் முதற் குற்றவாளி நான்தான் என்பதால், எழுதும் உரிமையும் எனக்கு உண்டு என்று கருதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மஹல்லாவில் ஒரு பிரிவு நேர்ந்தது. மாப்பிள்ளை கர்நாடகப் பகுதியைச் சேர்ந்தவர். ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிந்தார். இரு வீட்டாரும் பள்ளிவாசலில் கூடினர். பேச்சுவார்த்தை நடந்தது, பலனளிக்கவில்லை. அவர் தலாக் கூறினார். மஹர் தொகையும் சீர்ப்பொருள்களும் திருப்பித் தரப்பட்டன. ‘ஹஸ்ரத்தின் கையெழுத்து அழகாக இருக்கும்’ என்று சொல்லி, ஜமாஅத்தின் பெயர் அச்சிட்ட தாளை என் முன் வைத்தார்கள். நான் எழுதினேன். செயலாளர் கையொப்பமிட்டார், முத்திரை குத்தினார். அந்தச் சகோதரி அத்தாளை வாங்கிக்கொண்டு தம் அத்தாவுடன் வீடு திரும்பினார். வேலை முடிந்தது என்று நாங்கள் அனைவரும் நிம்மதி அடைந்தோம்.

நான்கு ஆண்டுகள் கழித்து அவருக்கு ஒரு நல்ல வரன் அமைந்தது. நிக்காஹ்வைப் பதிவு செய்ய வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். அது சரியான கோரிக்கையே. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 எல்லா மதத்தவருக்கும் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. விண்ணப்பத்தில் மணமகள் முன்னர் மணமானவரா, விவாகரத்துப் பெற்றவரா என்ற கேள்வி உண்டு. ‘விவாகரத்துப் பெற்றவர்’ என்று எழுதினார்கள், ஆவணம் கேட்டார்கள், நான் எழுதிய தாளைக் கொடுத்தார்கள். ‘இது செல்லாது, நீதிமன்றத் தீர்ப்பாணை கொண்டு வாருங்கள்’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

முன்னாள் கணவரைத் தேடிப் பிடித்தபோது அவர் கேட்ட கேள்வி எங்களைத் திகைக்க வைத்தது: ‘நான் எப்போது தலாக் சொன்னேன்?’ கையொப்பமிட ஒரு தொகையும் கேட்டார். சாட்சியாக இருந்த இருவரில் ஒருவர் கொரோனாக் காலத்தில் வஃபாத்தாகிவிட்டார். மற்றவர் வளைகுடாவில் இருந்தார். நிர்வாகம் மாறியிருந்தது, பழைய பதிவுப் புத்தகம் எங்கே என்று புதியவர்களுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் வாழ்வு முழுவதும், முத்திரை மங்கிப்போன ஒரு தாளில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எழுதியவன் நான்.

நம்மில் பலர் இன்னும் அறியாத ஒன்றைச் சொல்கிறேன். 2017 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், தலைமைக் காழி வழங்கும் தலாக் சான்றிதழ்கள் வெறும் கருத்துரைகளே. அவற்றை நீதிமன்றங்களோ அரசு அதிகாரிகளோ ஆதாரமாக ஏற்க வேண்டியதில்லை என்று இடைக்கால உத்தரவிட்டது. வழக்குத் தொடுத்தவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்த வழக்கறிஞரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான பதர் சயீத். 1880ஆம் ஆண்டின் காழிகள் சட்டம் காழிக்கு நீதி வழங்கும் அதிகாரம் எதையும் தரவில்லை என்பது அச்சட்டத்தின் 4ஆம் பிரிவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆங்கிலேயர் காலத்துச் சட்டம் அது. நேற்று வந்த சூழ்ச்சி இல்லை. 2023இல் அதே நீதிமன்றம், குலா பெற விரும்பும் பெண் குடும்ப நல நீதிமன்றத்தை அணுகலாம், தனியார் அமைப்புகள் குலாச் சான்றிதழ் வழங்க முடியாது என்று தீர்ப்பளித்தது. 2024 அக்டோபரில் மதுரைக் கிளை, கணவன் தலாக் கூறியதாகச் சொல்லி மனைவி அதை மறுத்தால், கணவன்தான் நீதிமன்றம் சென்று அது முறையாக நிகழ்ந்ததென நிறுவ வேண்டும். அதுவரை திருமணம் நீடிப்பதாகவே கொள்ளப்படும் என்று சொன்னது.

தலைமைக் காழியின் சான்றுக்கே இந்த நிலை என்றால், நம் மஹல்லாச் செயலாளரின் முத்திரைக்கு என்ன மதிப்பு இருக்கும்? இருந்தும் கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் காவேரிப்பட்டணத்திலும் இன்றும் இத்தாள்கள் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. சில தாள்களில் ‘ஒரே அமர்வில் மூன்று தலாக்கும் கூறிவிட்டார்’ என்றுகூட எழுதுகிறார்கள். 2019ஆம் ஆண்டின் சட்டப்படி அது செல்லாது என்பதோடு, மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். குற்றம் நடந்ததற்கான சாட்சியத்தைத் தம் கையாலேயே எழுதி, அதில் முத்திரையும் குத்திக் கொடுக்கும் நிர்வாகத்தை என்னவென்று சொல்வது!

இதற்கெல்லாம் மறுப்பாக நான் கேட்கும் வாதங்கள் பல. அவற்றுள் மிகுந்த வலுவுள்ளது இது: ‘நம் பிணக்கை ஷரீஅத்தின்படி தீர்ப்பதே ஈமான். நீதிமன்றத்திற்குப் போவது மனிதச் சட்டத்திடம் தீர்ப்புக் கேட்பதாகும்.’ இதை இலேசாக ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. ஆலிம்கள் இதைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்திருக்கிறார்கள். 1930களின் தொடக்கத்தில் மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்கள் ‘அல்ஹீலத்துன் நாஜிஸா’ என்ற நூலை எழுதியது எதற்காக? கணவன் காணாமற்போன பெண்களும், கொடுமைக்கு ஆளான பெண்களும் ஹனஃபீ மத்ஹபின் கடினமான நிபந்தனைகளுக்குள் சிக்கித் தவித்தபோது, மாலிக்கீ மத்ஹபின் தீர்வுகளை எடுத்துக்கொள்ளலாம் என்று வழிகாட்டத்தான். அந்தச் சிந்தனையின் தொடர்ச்சியாகவே 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமணங்கள் கலைப்புச் சட்டம் பிறந்தது. முஸ்லிம் நீதிபதியே விசாரிக்க வேண்டும் என்ற விதி மசோதாவில் இருந்து, சட்டமாகும்போது நீக்கப்பட்டது. ஆலிம்கள் அதற்கு வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயமானது என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த மறுப்பு, கணவன் மறுக்கும்போது நீதிபதியே திருமணத்தைக் கலைக்கும் ஃபஸ்கு வழக்குக்கு உரியது. கணவன் முறைப்படி தலாக் கூறிவிட்டான், அல்லது இருவரும் முபாரஅத்துக்கோ குலாவுக்கோ உடன்பட்டுவிட்டார்கள் என்றால், பிரிவு மார்க்கப்படி ஏற்கெனவே நிகழ்ந்துவிட்டது. நீதிமன்றத்திடம் கேட்பது தலாக்கை அன்று. நிகழ்ந்த ஒன்றை நிகழ்ந்தது என்று விளம்புகை செய்யும்படி கேட்கிறோம், அவ்வளவே. குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டம், 1984இன் 7ஆம் பிரிவு ஒருவரது மணநிலையை விளம்புகை செய்யும் அதிகாரத்தை அந்நீதிமன்றத்திற்குத் தந்திருக்கிறது. நிலத்தை வாங்கிப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதியும்போது யாரும் ‘மனிதச் சட்டம்’ என்று தயங்குவதில்லை. மகளின் பிரிவைப் பதியச் சொன்னால் மட்டும் நமக்கு ஈமான் நினைவுக்கு வருகிறது.

ஃபஸ்கு வழக்காயினும் வழி அடைபட்டுவிடவில்லை. நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும்போதே ஜமாஅத்தின் பெரியவர்கள் கணவனிடம் பேசி, குலாவுக்கு இணங்கச் செய்து, அதனைச் சமரசமாக நீதிமன்றத்திலேயே பதிவு செய்யலாம். உண்மையில் ஜமாஅத்துகளின் தகுதியான இடம் அதுவே. 2014இல் உச்ச நீதிமன்றம் தாருல் கழாக்கள் தொடர்பான வழக்கில், இத்தகைய அமைப்புகளின் தீர்ப்புக்குச் சட்ட வலு இல்லை என்று சொன்னது. மனமொப்பிச் செல்வோருக்கு இடையே சமரசம் பேசுவதை அது தடுக்கவில்லை. சமரசம் பேசுங்கள், தாராளமாகப் பேசுங்கள். சான்றிதழ் எழுதாதீர்கள்.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படியும், எழுதுபவர் நீதியுடன் எழுதும்படியும், தொகை சிறிதானாலும் சலிப்படையாமல் எழுதும்படியும் நமக்கு ஏவுகிறது. சூரத்துத் தலாக்கின் இரண்டாம் வசனம், சேர்த்துக்கொள்வதானாலும் பிரிவதானாலும் நேர்மையான இருவரைச் சாட்சியாக்கச் சொல்கிறது. தலாக் நிறைவேறச் சாட்சி நிபந்தனை இல்லை என்பதே சுன்னத் வல் ஜமாஅத் இமாம்களில் பெரும்பாலோரின் முடிவு என்பதை அறிவேன். ஏவல் இருக்கிறது என்பதை அவர்களில் யாரும் மறுத்ததில்லை. உதுமானியப் பேரரசில் காழிகள் திருமணம், தலாக், மஹர், ஜீவனாம்சம் அனைத்தையும் பதிவேடுகளில் எழுதி வைத்தார்கள். அப்பதிவேடுகளைக் கொண்டே இன்றைய வரலாற்றாசிரியர்கள் அக்காலத்துப் பெண்களின் வாழ்வை ஆராய்கிறார்கள். நாம் நிக்காஹ் தஃப்தரைப் பட்டுத்துணியில் சுற்றிப் பீரோவில் வைக்கிறோம். தலாக்குக்கு ஒரு நோட்டுப் புத்தகம்கூட இல்லை.

கடல் கடந்து பார்த்தால், இலங்கையில் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண, விவாகரத்துச் சட்டத்தின்கீழ் அரசு நியமிக்கும் காதி, விவாகரத்தைப் பதிவு செய்கிறார். அம்முறையிலும் குறைகள் உண்டு. அங்குள்ள முஸ்லிம் பெண்களே திருத்தம் வேண்டி நெடுங்காலமாகப் போராடுகிறார்கள். எனினும் பிரிந்த பெண்ணின் பெயர் ஓர் அரசுப் பதிவேட்டில் இருக்கும். தமிழ்நாட்டில் முஸ்லிம் விவாகரத்தைப் பதியத் தனிச் சட்டம் இல்லை. நமக்கு இருப்பது நீதிமன்றம் ஒன்றே.

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அத்திப்பள்ளியைத் தாண்டினால் கர்நாடகம். பெண் இங்கே, மாப்பிள்ளை ஆனேக்கல்லிலோ பெங்களூரிலோ என்பது நம் குடும்பங்களில் அன்றாடச் செய்தி. கர்நாடக அரசு 2023 ஆகஸ்டில், மாவட்ட வக்ஃபு வாரியங்கள் முஸ்லிம்களுக்குத் திருமணச் சான்று வழங்கலாம் என்று ஆணையிட்டது. அதை நம்பிச் சிலர் இங்கும் அங்கும் அலைந்தார்கள். 2024 நவம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்தி வைத்துவிட்டது. ஆகவே எந்த வாரியத்தின் தாளையும் நம்பி மகளின் மறுமணத்தை நிச்சயிக்காதீர்கள். பெங்களூரில் தீர்ப்பான வழக்கின் நகலை ஓசூர் நீதிமன்ற வளாகத்தில் கேட்டால் கிடைக்காது; தீர்ப்பளித்த நீதிமன்றத்தில்தான் பெற வேண்டும். அது கன்னடத்தில் இருந்தால் மொழிபெயர்ப்பும் இணைக்க வேண்டியிருக்கும்.

தீர்ப்பு வந்துவிட்டால் போதும் என்று எண்ணி வீட்டுக்குப் போய்விடுவதும் நம்மவர் வழக்கம். வழக்கறிஞரிடம் காகிதம் இருக்கிறது என்பார்கள். அவர் அலுவலகத்தை மாற்றியிருப்பார், அல்லது இறந்திருப்பார். தீர்ப்பு வந்த கையோடு நகல் மனு போடுங்கள். தீர்ப்புரை வேறு, தீர்ப்பாணை வேறு. இரண்டிற்கும் சான்றிட்ட நகல் கேளுங்கள். வழக்கு எண், ஆண்டு, இரு தரப்பினர் பெயர், தீர்ப்பு நாள் ஆகியவற்றை எழுதி, நீதிமன்றக் கட்டண முத்திரை ஒட்டி, நகல் பிரிவில் கொடுக்க வேண்டும். பிறகு நகலுக்கான கட்டணம் கேட்டு அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். குறித்த நாளுக்குள் செலுத்தாவிட்டால் மனு தள்ளுபடியாகிவிடும். அதைப் பார்க்கத் தவறியே பலர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். வழக்கில் தரப்பினராக இருப்பவர் உரிமையாகவே நகல் பெறலாம். அண்ணனோ மாமாவோ தம் பெயரில் கேட்டால், அவர் வழக்குக்கு அந்நியர். காரணம் சொல்லிப் பிரமாண வாக்குமூலத்துடன் நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். அதனால் சகோதரியே கையொப்பமிடட்டும், உடன் நீங்கள் செல்லுங்கள்.

வழக்கு எண் மறந்துவிட்டதா? இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் தரப்பினர் பெயரைக் கொண்டு தேடலாம். சி.என்.ஆர். எனப்படும் 16 இலக்க எண் தெரிந்தால் இன்னும் எளிது. அங்கிருந்து அச்செடுத்த தாள் தகவலுக்கு மட்டுமே, அது சான்றிட்ட நகல் ஆகாது. பழைய வழக்கானால் நம் மாவட்ட வரலாற்றையும் நினைவிற்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரியில்தான் தருமபுரியிலிருந்து பிரிந்தது. தருமபுரியோ 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது. தாயாரின், பாட்டியாரின் வழக்குக் கட்டு இங்கே இல்லையென்றால் தருமபுரிப் பதிவறையில் விசாரிக்காமல் ‘அழிந்துவிட்டது’ என்று முடிவு கட்டாதீர்கள்.

இரண்டு விஷயங்களை வழக்குத் தொடுக்கும்போதே கவனியுங்கள். பின்னால் திருத்துவது பெரும்பாடு. முதலாவது பெயர். ஆதாரில் ஆயிஷா பேகம், தஃப்தரில் ஆயிஷா பீவி, பள்ளிச் சான்றில் அயிஷா. இப்படி மூன்று பெயர்களுடன் ஒரே பெண் நம் வீடுகளில் இருக்கிறாள். மனுவில் எல்லாப் பெயர்களையும் குறிப்பிடச் சொல்லுங்கள். எழுத்துப்பிழை நேர்ந்துவிட்டால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 152ஆம் பிரிவின்படி திருத்தம் கேட்கலாம். இரண்டாவது, தலாக் நிகழ்ந்த தேதி. இத்தா அத்தேதியிலிருந்தே கணக்கிடப்படும், நீதிபதி கையொப்பமிட்ட நாளிலிருந்து இல்லை. ‘இன்ன தேதியில் கூறப்பட்ட தலாக்கினால் திருமணம் முடிவுற்றது என விளம்புகை செய்க’ என்று கோரிக்கையிலேயே தேதி இருக்க வேண்டும். மார்க்கம் அறியாத வழக்கறிஞர் இதை விட்டுவிடுவார். நம்மில் மார்க்கம் அறிந்த நாங்களோ வழக்கறிஞரிடம் போய் இதைச் சொல்வதில்லை.

தீர்ப்புக்குப் பின் மேல்முறையீட்டுக்குக் குடும்ப நல நீதிமன்றச் சட்டம் தரும் 30 நாள் கடக்கும் வரை மறுமணத்துக்கு அவசரப்படாதிருப்பது நலம். முதல் கணவன் தலாக்கை மறுத்து, நீதிமன்ற ஆவணமும் இல்லாத நிலையில் அவள் மறுமணம் செய்தால், கணவன் உயிரோடிருக்கையில் மறுமணம் செய்ததாகப் புகார் எழ வாய்ப்பிருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவில் அதற்கு ஏழு ஆண்டு வரை சிறை. நாம் எழுதிக் கொடுக்கும் தாள் ஒரு முஃமினான பெண்ணை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதை முத்தவல்லிகள் ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்கட்டும்.

‘நீதிமன்றம் போனால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும், செலவு தாங்காது’ என்பார்கள். தாமதம் உண்மை; அதை மறைத்தால் நான் பொய்யனாவேன். ஆயினும், பிணக்குள்ள வழக்கும் இருவரும் ஒப்புக்கொண்ட வழக்கும் ஒன்றல்ல. அண்டை மாநிலமான கேரளத்தின் உயர் நீதிமன்றம் 2021 ஏப்ரலில், நீதிமன்றத்துக்கு வெளியே நடந்த தலாக், குலா, முபாரஅத் ஆகியவற்றை, அவை நிகழ்ந்தன என்று மேலோட்டமாகத் தெரிந்தாலே நீண்ட விசாரணையின்றிக் குடும்ப நல நீதிமன்றம் விளம்புகை செய்யலாம் என்று வழிகாட்டியது. அத்தீர்ப்பை நம் வழக்கறிஞர்கள் இங்கும் எடுத்துக்காட்டலாம். செலவைப் பொறுத்தவரை, சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவின்படி பெண்கள் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். மாவட்டத்துக்கு ஓர் ஆணைக்குழுவும் வட்டத்துக்கு ஒரு குழுவும் இதற்கென்றே இருக்கின்றன. எத்தனை ஜும்ஆ பயான்களில் இதைச் சொல்லியிருக்கிறோம்? நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அந்தச் சகோதரிக்கும் அந்த உதவியே கைகொடுத்தது. வழக்கு இரண்டாண்டுக்கு மேல் நடந்தது. வளைகுடாவிலிருந்த சாட்சி விடுமுறையில் வந்து சாட்சியம் சொன்னார். என்னையும் கூண்டில் ஏற்றினார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நான் எழுதிய தாளை உயர்த்திக் காட்டி, ‘இதை எழுத உங்களுக்கு என்ன அதிகாரம்?’ என்று கேட்டார். இருபது ஆண்டுகளாக மாணவர்களிடம் கேள்வி கேட்டே பழகியவன் நான், என்னிடம் விடையில்லை. ‘அதிகாரம் இல்லை, ஐயா. தலாக் சொன்னதைக் காதால் கேட்டேன், அதை எழுதினேன்’ என்று மட்டும் சொன்னேன். கேட்டவன் என்ற முறையில் என் சாட்சியம் ஏற்கப்பட்டது, தாள் ஏற்கப்படவில்லை.

தலாக் தேதியைக் குறித்தே தீர்ப்பாணை வந்தது. நகல் பிரிவில் அவர் மூன்று பிரதிகள் கேட்டு வாங்கினார். ஒன்றை அத்தாவிடமும் ஒன்றைத் தம்பியிடமும் கொடுத்துவிட்டு, மூன்றாவதை என்னிடம் நீட்டி, ‘மதரஸாவில் வையுங்கள் ஹஸ்ரத்’ என்றார். அது நிக்காஹ் தஃப்தர் இருக்கும் அதே பீரோவில், லேமினேட் செய்யாமல், உறையிட்டு வைக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு எங்கள் பள்ளியில் தலாக் எழுதச் சொல்லி மூன்று தடவை என்னிடம் தாள் நீட்டினார்கள். மூன்று தடவையும் பேச்சுவார்த்தையின் விவரத்தையும் சாட்சிகளின் பெயர்களையும் முகவரிகளையும் ஒரு புத்தகத்தில் எழுதி, இரு தரப்பாரின் கையொப்பத்தையும் வாங்கிவிட்டு, நீதிமன்ற வளாகத்தில் சட்ட உதவி மையம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று வழி சொல்லி அனுப்பினேன். அவர்களில் ஒருவர் இன்றும் என்னிடம் ஸலாம் சொல்வதில்லை.